கிறிஸ்தவராக இல்லாமல் இறந்துபோன சொந்தங்களுக்காக ஜெபிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கமெல்லாம் ஒரே வீட்டில் அம்மா கத்தோலிக்கர், நைனா இந்து, மருமகள் பெந்தெகொஸ்தே என்று இருப்பது சாதாரணம். வாழும்போது அதில் பெரிய சிக்கல் வருவதில்லை, சாவு வீட்டில்தான் வருகிறது. எங்கள் கோயில் பங்கில் பெரியவர்களுக்கான ஞானஸ்நான வகுப்புக்கு நான் உதவி செய்கிறேன். வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு யாராவது ஒருத்தர் மட்டும் நின்று, கீழே இருக்கிற கேள்விகளில் ஏதோ ஒன்றைக் கேட்பார். நான் குரு இல்லை. திருச்சபை சொல்வதைத் திருச்சபை சொல்வதாகவும், என் கருத்தை என் கருத்தாகவும் எழுதுகிறேன்.

எங்க நைனா இந்துவாகவே இறந்துட்டார். அவருக்காகப் பூசை வைக்கலாமா?

வைக்கலாம். தயங்கவே வேண்டாம். பூசை என்று நாம் சொல்வது திருப்பலியை. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901-ஆம் பிரிவு, உயிரோடு இருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று அதில் நிபந்தனை எதுவும் கிடையாது.

பங்கு அலுவலகத்தில் யாருக்காகப் பூசை என்ற கருத்தை எழுதும் நோட்டின் முன்னால் நின்று, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமலே யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே கீழே இருக்கும் பெயர்களெல்லாம் அந்தோணி, மேரி, சூசை என்று இருக்க, நடுவில் முருகேசன் என்று எப்படி எழுதுவது என்ற தயக்கம். சிலர் "ஒரு ஆன்மாவுக்காக" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது வேண்டாம். முருகேசன் என்றால் முருகேசன் என்றே எழுதுங்கள். பூசையில் பெயரைச் சத்தமாக வாசிப்பது அந்தந்தப் பங்கின் வழக்கத்தைப் பொறுத்தது, அதை ஃபாதரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஒப்புக்கொடுப்பது ஒப்புக்கொடுப்பதுதான்.

இன்னொன்று. நீங்கள் தனியாகக் கருத்துக் கொடுக்காவிட்டாலும் பூசையில் அவர்களுக்கு இடம் இருக்கிறது. பூசையில் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டுகளில் நான்காவதில், கிறிஸ்துவின் அமைதியில் இறந்தவர்களை நினைத்த கையோடு, யாருடைய நம்பிக்கை கடவுளுக்கு மட்டுமே தெரியுமோ அந்த இறந்தவர்கள் எல்லாரையும் குரு நினைவுகூருகிறார். அந்த வரி வரும்போது உங்கள் நைனாவை மனதில் கொண்டுவாருங்கள்.

"ஞானஸ்நானம் வாங்கல, நரகம்தான்"னு சாவு வீட்டுலயே ஒருத்தர் சொல்லிட்டார். அது உண்மையா?

அப்படிச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை, எனக்கும் இல்லை, திருத்தந்தைக்கும் இல்லை. திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒருமுறைகூட அறிவித்ததில்லை.

உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கை விளக்கத்தின் 16-ஆவது பத்தியைப் படித்துப் பாருங்கள். தங்கள் தவறு எதுவும் இல்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல் போனவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சி சொல்கிறபடி, அவருடைய அருளால் வாழ முயன்றால், அவர்களும் மீட்படைய முடியும் என்கிறது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஏடு, இயேசுவின் சாவிலும் உயிர்ப்பிலும் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லாருக்கும் தருகிறார், எந்த வழியில் தருகிறார் என்பது கடவுளுக்கே தெரியும் என்கிறது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, சரி, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எல்லாம் ஒன்றுதான் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மீட்பு எங்கே நடந்தாலும் அது இயேசு வழியாகத்தான் நடக்கிறது என்பது நம் விசுவாசம். உங்கள் நைனா மோட்சத்தில் இருந்தால் அவரை அங்கே சேர்த்தவர் இயேசு. தன்னைக் கையைப் பிடித்து நடத்தியவர் யார் என்று உயிரோடு இருக்கும்போது நைனாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

முன்னாடியெல்லாம் "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை"ன்னுதானே சொன்னாங்க? இப்ப மாத்திட்டாங்களா?

அந்த வாக்கியத்தின் வேர் மூன்றாம் நூற்றாண்டில், கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியானிடம் இருக்கிறது. திருச்சபை அதைக் கைவிடவில்லை, அதற்கு என்ன பொருள் என்பதை இன்னும் ஆழமாகப் புரிந்துகொண்டது. 1863-லேயே திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்), தம் குற்றமின்றி அறியாமையில் இருந்து நேர்மையாக வாழ்கிறவர்கள் கடவுளின் ஒளியாலும் அருளாலும் நிலைவாழ்வு பெறலாம் என்று எழுதினார். அமெரிக்காவில் ஃபீனி என்ற குரு, கத்தோலிக்கர் அல்லாத யாருக்குமே மீட்பு இல்லை என்று பிடிவாதமாகப் போதித்தபோது, 1949-இல் ரோமிலிருந்து வந்த கடிதம் அந்த விளக்கம் தவறு என்றது. கடைசியில் 1953-இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஃபீனிதான்.

இந்தப் புரிதல் வருவதற்கு முன்னால் மக்கள் பட்ட வேதனையும் கொஞ்சம் இல்லை. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்த அதே சவேரியார்தான் பிறகு ஜப்பானுக்குப் போனார். அங்கே புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள், செத்துப்போன எங்கள் அப்பா அம்மாவுக்கும் முன்னோருக்கும் ஜெபத்தாலோ தானதர்மத்தாலோ உதவ வழியே இல்லையா என்று அவரிடம் அழுதார்கள். வழி இல்லை என்றுதான் அவர் பதில் சொன்னார். ஆனால் அவர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் அழுகை வந்ததை 1552-இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்த ஜப்பானியர்கள் கேட்டதைத்தான் நம் வகுப்பில் தங்கி நிற்பவர்களும் கேட்கிறார்கள், ஆனால் இன்று நம்மால் அவர்களுக்கு வேறு பதில் சொல்ல முடிகிறது. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை.

எங்க ஆயாவுக்கு இயேசுவைத் தெரியும். கோயிலுக்கும் வருவாங்க. ஆனா கடைசிவரை ஞானஸ்நானம் வாங்கல. "தெரியாதவங்க" கணக்குல அவங்க வருவாங்களா?

வடசென்னையில் அதிகம் வரும் கேள்வி இதுதான். செவ்வாய்க்கிழமை ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலில் போய் நின்று பாருங்கள், பெரம்பூர் லூர்து மாதா திருவிழாவில் பாருங்கள், மெழுகுவத்தியோடு நிற்பவர்களில் எத்தனை பேர் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. என் ஆயாவும் அப்படித்தான். பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மற்ற நாளில் மாதா. வீட்டில் இரண்டு படமும் ஒரே அலமாரியில் இருக்கும்.

இவர்கள் எல்லாம் நற்செய்தியைக் கேட்டு, புரிந்து, வேண்டாம் என்று தள்ளியவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதா படத்தைப் பார்ப்பதும், இயேசு யார் என்று உட்காரவைத்து யாராவது பொறுமையாகச் சொல்லக் கேட்பதும் ஒன்றல்ல. நாமே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

சிலருக்கு மனசு இருந்தும் வழி இருக்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம். அப்புறம் சாதிச் சான்றிதழ். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அவருக்கு எஸ்.சி. தகுதி கிடையாது, தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்குப் போய்விடுவார். பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் நினைத்து, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து, நற்கருணை வாங்கும் நேரத்தில் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, அப்படியே வயதாகி இறந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அது அவர்கள் மட்டும் எடுத்த முடிவா, இந்தச் சமுதாயம் அவர்கள் கழுத்தில் கட்டிய சுமையா என்பதைக் கடவுள் நம்மைவிட நன்றாகப் பார்க்கிறார்.

திருச்சபையும் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனவருக்கு, அவருடைய ஆசையும் மனஸ்தாபமும் அன்புமே மீட்பை உறுதிசெய்யும் என்று, திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி ஏடு 1259-ஆம் எண்ணில் சொல்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கத்தோலிக்க முறைப்படியே அடக்கச் சடங்கும் செய்யலாம். 392-இல் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டீனியன் ஞானஸ்நானம் வாங்காமல் இளம் வயதில் இறந்தபோது அவனுடைய சகோதரிகள் கதறினார்கள். மிலான் ஆயர் புனித அம்புரோஸ் அவர்களைத் தேற்றிய விதம் இதுதான்: அவன் கேட்டான், கேட்டதால் பெற்றுக்கொண்டான். நற்செய்தியை அறியாமலே உண்மையைத் தேடி, தாங்கள் புரிந்துகொண்ட அளவில் கடவுளின் விருப்பப்படி வாழ்ந்தவர்கள் பற்றி 1260-ஆம் எண், ஞானஸ்நானம் எவ்வளவு அவசியம் என்று தெரிந்திருந்தால் இவர்கள் வெளிப்படையாகவே விரும்பியிருப்பார்கள் என்று கருதலாம் என்கிறது. கூடவே 1257-ஆம் எண்ணையும் படியுங்கள். கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு கட்டியிருக்கிறார், ஆனால் அவர் ஞானஸ்நானம் போன்ற தம் அருளடையாளங்களுக்குள் கட்டுப்பட்டவர் இல்லை.

செத்த உடனே தீர்ப்பு ஆயிடுமே, அப்புறம் ஜெபிச்சு என்ன ஆகப்போகுது?

மனிதர் ஒரே முறைதான் சாகிறார், பின்பு தீர்ப்பு வருகிறது என்று எபிரேயர் 9:27 சொல்வது உண்மை. இறந்த பிறகு மனம் மாற இரண்டாவது வாய்ப்பு என்று எதையும் திருச்சபை போதிக்கவில்லை. ஆனால் கடவுளின் நட்பில் இறந்தும் இன்னும் தூய்மையாக வேண்டியவர்கள் உத்தரிக்கிற நிலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் ஜெபமும் பூசையும் தர்மமும் உதவுகின்றன.

இன்னொரு விஷயம், இது என்னை ரொம்பவே தேற்றிய விஷயம். நாம் காலண்டரைப் பார்த்து வாழ்கிறோம், கடவுளுக்கு நேற்று நாளை என்று இல்லை. நீங்கள் இன்று சொல்லும் ஜெபமாலை, பத்து வருஷம் முன்னால் ஆஸ்பத்திரி வார்டில் உங்கள் நைனா மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே கடவுளுக்குத் தெரியும். 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இன்னொருவர் உள்ளத்தைத் தொடுவதற்கு எப்போதுமே காலம் கடந்துவிடுவதில்லை, அது வீண்போவதும் இல்லை என்கிறார். ஆகவே தாமதமாகிவிட்டது என்று யாரும் உங்களைப் பயமுறுத்த இடம் கொடுக்காதீர்கள்.

பைபிள்ல ஆதாரமே இல்லைன்னு பெந்தெகொஸ்தே அக்கா சொல்றாங்க.

2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம். அவர்கள் பைபிளில் அந்த நூல் இல்லை, அதனால் இதை வைத்து வாக்குவாதம் பண்ணாதீர்கள். உங்களுக்காகப் படியுங்கள். போரில் செத்த யூத வீரர்களை அடக்கம் செய்யப் போனால், ஒவ்வொருத்தர் உடைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து இருக்கிறது. அவர்கள் சட்டப்படி அது பெரிய பாவம். அவர்களின் தலைவர் யூதா மக்கபே அவர்களை அப்படியே விட்டுப்போகவில்லை. எல்லாரும் மன்றாடினார்கள், அவர் ஆளாளுக்கு வசூலித்து ஏறக்குறைய 2000 வெள்ளி திராக்மாவைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதற்குத் திருச்சபை காட்டும் முக்கியமான பகுதியே, இடுப்பில் தாயத்தோடு செத்தவர்களுக்காக நடந்த ஜெபம்தான்!

நான் ஜெபிச்சா, "செத்த பிறகும் அப்பாவை மதம் மாத்துறியா"ன்னு அண்ணன் கோவப்படுறார்.

அண்ணன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு மரியாதை கொடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை இறந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, பெயரை மாற்றுவதில்லை, எந்தப் பதிவேட்டிலும் கிறிஸ்தவர் என்று எழுதுவதில்லை. அப்பாவைக் கடவுளின் கையில் ஒப்படைக்கிறோம், அவ்வளவே. இதை அண்ணனுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இங்கே எடித் ஸ்டெயின் நல்ல துணை. யூத வீட்டில் பிறந்து, 1922-இல் ஞானஸ்நானம் வாங்கி, கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1942-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்ட புனிதை. அவருடைய அம்மா யூத விசுவாசத்திலேயே 1936 செப்டம்பர் 14 அன்று இறந்தார். கடைசி நேரத்தில் அம்மா கிறிஸ்தவராகிவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எடித் அதை ஏற்று மகிழவில்லை, அது ஆதாரமற்ற வதந்தி என்று மறுத்து எழுதினார். அம்மா சிறுவயது முதல் தன் கடவுள்மேல் வைத்த விசுவாசத்தில் உறுதியாக இருந்தார், அந்தக் கடவுள் அவரை இரக்கத்தோடு ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நம்பினார். நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும், "சாகும்போது இயேசுவேன்னு சொன்னாங்க" என்று நடக்காததைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம். அவர்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே கடவுள் முன் வைக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம், படையல், திதி இதுல எல்லாம் கலந்துக்கலாமா?

போங்கள். போகாமல் இருப்பதுதான் தப்பு. பாடை தூக்கலாம், சமைக்கலாம், பந்தியில் பரிமாறலாம், படத்துக்கு மாலை போடலாம், அமைதியாக நின்று மனதுக்குள் ஜெபிக்கலாம். முன்னோருக்கு மரியாதை செய்வது வேறு, வழிபாடு வேறு என்ற வித்தியாசத்தைத் திருச்சபையும் பார்க்கிறது. சீனாவில் முன்னோர் சடங்குகளுக்கு 1742-இல் கண்டிப்பாகத் தடை போட்டது, 1939-இல் அவற்றைக் குடும்ப, சமுதாய மரியாதையாக ஏற்று அனுமதித்தது. வேறு தெய்வத்துக்குப் பூசை செய்வதும், மந்திரம் சொல்லிப் பிண்டம் வைப்பதும் நாம் செய்யக்கூடியவை அல்ல. அதை முன்னாலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், சபையில் வைத்து முறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஒரே மகன், கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை என்றால்? அப்பாவின் உடலுக்குப் பிள்ளை செய்யும் கடைசிக் கடமையாக அதைச் செய்யலாம் என்பது என் கருத்து. உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தற்கொலை பண்ணிக்கிட்டவங்களுக்கு?

கட்டாயம் ஜெபியுங்கள். தன் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்கள் மனம் வருந்த வாய்ப்புத் தர முடியும், திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்று மறைக்கல்வி ஏடு 2283-இல் சொல்கிறது. மன அழுத்தமும் பயமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும் அதற்கு முந்தின எண்ணே சொல்லிவிடுகிறது.

ஞானஸ்நானம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே இறந்த குழந்தை?

திருச்சபை அந்தக் குழந்தையைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, இப்படிப்பட்ட குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உள்ளன என்று எழுதியது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கமும் செய்யலாம். கருவிலேயே போன பிள்ளைக்கும் மனசுக்குள் பெயர் வைத்து ஜெபியுங்கள்.

எங்க நைனா குடிச்சிட்டு அம்மாவை அடிச்சே காலத்தை ஓட்டினவர். அவருக்காக ஜெபிக்க மனசே வரல.

இதைக் கேட்ட பெண் வகுப்பில் அழவே இல்லை, கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபம் தப்பில்லை. அவருக்காக ஜெபிப்பதால், அவர் செய்தது பரவாயில்லை என்று ஆகிவிடாது. உத்தரிக்கிற நிலை என்று ஒன்று இருப்பதே செய்த கொடுமை லேசில் மறைந்துபோகாது என்பதற்குத்தான்: அம்மா பட்ட ஒவ்வொரு அடியையும் அவர் கடவுளின் ஒளியில் நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டும். அதைப் பார்க்கவும், பார்த்து மனம் உடையவும் அவருக்கு அருள் வேண்டும். அதற்காக ஜெபிக்கலாம்.

நீளமாக வேண்டாம். "ஆண்டவரே, என்னால முடியல, நீர் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் போதும். அதுவும் வராத நாளில், உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு உதவும் என்று ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளை உருட்டி முடித்ததும் சொல்கிறோமே, அதை மட்டும் சொல்லுங்கள். அம்மா உயிரோடு இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள். பல வருஷ வலி அவருக்குள் இருக்கும், அதைப் பேச ஆள் இருக்காது.

செத்துப்போன அத்தை கனவுல வந்து தண்ணி கேக்குறாங்க. என்ன செய்யணும்?

குறி கேட்கவோ ஆவியைக் கூப்பிடவோ போகாதீர்கள், அது நமக்கு அறவே ஆகாது. கனவை அத்தைக்காக ஜெபிக்க ஒரு நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

203-இல் கார்த்தேஜில் வேதசாட்சியாக இறந்த புனித பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்பில் இதே போல ஒன்று வருகிறது. ஏழு வயதில் முகத்தில் புண் வந்து இறந்துபோன தம்பி தினோக்ராத்தஸ் தாகத்தோடு நிற்கிறான், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அவனுக்கு எட்டவில்லை. அவர் இரவும் பகலும் அழுது ஜெபித்தார். பிறகு வந்த காட்சியில் விளிம்பு தாழ்ந்திருந்தது, தம்பி வேண்டிய மட்டும் குடித்துவிட்டு விளையாடப் போனான். அவனுக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்ததா என்று அந்தக் குறிப்பில் இல்லை. ஆகியிருக்கும் என்று பிற்காலத்தில் புனித அகுஸ்தீன் வாதாடினார். பெர்பெத்துவா அந்தக் கேள்விக்கே போகாமல் ஜெபித்தார்.

நீங்களும் ஜெபியுங்கள், ஒரு பூசை வையுங்கள், அத்தை பெயரில் யாருக்காவது ஒரு வேளை சாப்பாடு கொடுங்கள். இறந்தோருக்காகத் தர்மம் செய்வதைத் திருச்சபையே பரிந்துரைக்கிறது.

அப்போ அவங்க மோட்சத்துலதான் இருக்காங்கன்னு உறுதியா சொல்லிடலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, எதிர்நோக்கலாம். கத்தோலிக்கராக இறந்த என் அம்மாவைப் பற்றியும் நான் அவ்வளவுதான் சொல்ல முடியும். உறுதியாகத் தெரிந்திருந்தால் ஜெபிக்கவே தேவையிருக்காதே.

கல்லறைத் திருநாள் அன்னைக்கு எங்களுக்கு மெழுகுவத்தி ஏத்தக் கல்லறை இல்லை. மூலக்கொத்தளத்துல எரிச்சிட்டோம். அன்னைக்கு என்ன பண்ணலாம்?

நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைக்கே வாருங்கள். சொந்தக் கல்லறை இல்லாதவர்கள் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் ஏற்றலாம், அல்லது யாரும் பூ வைக்காமல் கிடக்கும் ஏதாவது ஒரு கல்லறையில் ஏற்றி அங்கே இருப்பவருக்கும் சேர்த்து ஜெபிக்கலாம். வர முடியாவிட்டால் வீட்டிலேயே படத்தின் முன் ஏற்றி, "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று பெயரோடு சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் இந்துச் சொந்தங்களையும் கூப்பிடுங்கள், விருப்பப்பட்டால் நிற்கட்டும்.

அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம், 1915-இல் முதல் உலகப்போர் நடுவே பதினைந்தாம் பெனடிக்ட் கொடுத்த அனுமதி அது. அதனால் காலையோ மாலையோ ஏதாவது ஒரு பூசைக்கு நேரம் அமையும். பூசைக் காணிக்கைக்குக் கையில் காசு இல்லையென்றாலும் கேட்கத் தயங்காதீர்கள். காணிக்கை வராவிட்டாலும், முக்கியமாக ஏழைகளின் கருத்துக்காக, குருக்கள் பூசை வைக்க வேண்டும் என்று 945-ஆம் சட்டப் பிரிவு வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. அக்டோபர் கடைசி வாரத்திலேயே பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், கடைசி நாளில் கூட்டம் அதிகமாக இருக்கும்.